இருபத்திரண்டாவது பேய்

கல்லூரி மூன்றாம் வருடத்தில் நானும் என் தோழியும் சேர்ந்து ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு செய்தோம். பேய் பிடிக்கிற விளையாட்டு. இப்போது இப்படி இரண்டு பேர் வீட்டில் உட்கார்ந்து செய்தால் அதற்கு ‘இண்டி கேம்’ என்று மரியாதையாக ஒரு பெயர் இருக்கிறது. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் மதுரையில் அதற்குப் பெயர் ‘புராஜெக்ட்’. மற்ற பெண்கள் எல்லாம் நூலகத்துக்கு ஒரு மென்பொருள், மருந்துக்கடைக்கு ஒரு மென்பொருள் என்று ஒழுங்காகச் செய்து மார்க் வாங்கிக்கொண்டு போனார்கள். எனக்குத்தான் எதையும் ஊரோடு ஒத்துச் செய்யப் பிடிக்காது. அந்தத் திமிரைப் பெருமையாகச் சொல்ல வரவில்லை. அந்த விளையாட்டை வைத்து ஓர் அம்மாவுக்கு நான் செய்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இருபது வருடமாக யாரிடமும் வாய் திறக்காத விஷயம்.

விளையாட்டு இதுதான். வில்லாபுரத்தில் எங்கள் தெரு மாதிரியே ஒரு தெரு. கரண்ட் போயிருக்கிறது. பாவாடை சட்டை போட்ட ஒரு பெண் அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறாள். இருட்டில் அங்கங்கே பேய்கள் ஒளிந்திருக்கும். அவற்றை அடிக்கவோ விரட்டவோ வேண்டியதில்லை. ஒவ்வொரு பேய்க்கும் ஏதோ ஒரு குறை இருக்கும். அது என்ன என்று கண்டுபிடித்துத் தீர்த்துவைத்தால் பேய் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிடும். டவுன் பஸ்ஸில் ஒரு பேய், உயிரோடு இருந்தவரை ஜன்னலோர சீட்டே கிடைக்காதது. எழுந்து இடம் கொடுத்தால் போதும். தெருக்குழாயில் ஒரு பேய், தண்ணீர் சொட்டுகிற சத்தத்தில் தூக்கமில்லாமல் தவிக்கும். குழாயை இறுக்கி மூட வேண்டும். ரேஷன் கடை வரிசையில் நிற்கிற பேய்க்கு மண்ணெண்ணெய்கூட வேண்டாம், ‘என்ன வேணும்?’ என்று யாராவது ஒரு வார்த்தை கேட்டால் உருகிவிடும். வீட்டுக்கு வந்த பேய்கள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து டீ குடிக்கும். வெளியே மழை பெய்துகொண்டிருக்கும். முதலில் கொஞ்சம் பயமாக இருக்கும், பிறகு அந்த வீட்டை விட்டு எழுந்துபோக மனசு வராது. அப்படி இருபத்தொரு பேய்கள் இருந்தன.

பேய்கள் பேசியது எங்கள் வீட்டு மொழியான சௌராஷ்ட்ரம். பஸ்ஸில் எங்கள் ஆட்கள் இரண்டு பேர் பேசிக்கொண்டால் பக்கத்து சீட்காரர் ஒரு மாதிரி திரும்பிப் பார்ப்பார். அதையே பேய்க்குக் கொடுத்துவிட்டால் யாருக்கும் புரியாது, கேட்கவும் கொஞ்சம் திகிலாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். என் அம்மா ஒரு தடவை கேட்டுவிட்டு, செத்தவர்கள் எல்லாம் நம் ஆட்கள்தானா என்று ஒரு நாள் முழுக்க என்னைத் திட்டினாள்.

தோழி வாடிப்பட்டிக்காரி. அவள் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். ஞாயிறு பூசை தவறாத கத்தோலிக்கக் குடும்பம். நான் புரோகிராம் எழுதுவேன், அவள் படம் வரைவாள். சனிக்கிழமை காலையில் இரண்டு பஸ் மாறி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். என் அண்ணன் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த கம்ப்யூட்டர் ஒன்று முன்னறையில் இருந்தது. அவன் கடைக்குக் கிளம்பினதும் எங்கள் ராஜ்யம்தான்.

அவள் நேராகக் கம்ப்யூட்டரில் வரைய மாட்டாள். கிராஃப் தாளில் முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு கட்டம் பிரித்து, ஸ்கெட்ச் பேனாவால் ஒவ்வொரு கட்டமாக நிரப்பி, முழுப் பேயையும் வீட்டிலேயே முடித்துக் கொண்டுவருவாள். அதைப் பார்த்துப் பார்த்து மவுஸால் புள்ளி புள்ளியாக வைப்பாள். நான் பின்னால் நின்று, “ஏண்டி, இந்தக் கண்ணு ரெண்டு கட்டம் தள்ளி இருக்கு” என்று கத்துவேன். எனக்கு எப்போதும் கோபம் மூக்குக்கு மேலே. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், “அதுக்கு மாறுகண்ணுடி. பேயின்னா கண்ணு நேரா இருக்கணும்னு சட்டமா?” என்பாள். அன்றைக்குத் தமிழ் எழுத்தைத் திரையில் கொண்டுவருவது பெரிய பாடு. அதனால் ‘புதிய பேய் வந்தது!’ என்பது மாதிரி வரிகளைக்கூட அவள் படமாகவே வரைந்து கொடுத்தாள். நான் அவளிடம் கத்தின கத்தலுக்கு வேறொருத்தியாக இருந்தால் முதல் மாதமே ஓடியிருப்பாள்.

அந்த நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு என்னை வாடிப்பட்டிக்குக் கூப்பிட்டாள். செத்தவர்களை நினைத்துக் கல்லறைகளைக் கழுவி, வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுகிற நாள். நான் அதுவரை ஒரு கல்லறைத் தோட்டத்துக்குள் கால் வைத்ததில்லை. எங்கள் வீட்டில் பெண்கள் சுடுகாட்டுப் பக்கமே போக மாட்டார்கள். சாயங்காலம் நாலு மணி வெயிலில் அங்கே பார்த்தால் திருவிழாக் கூட்டம். ஆளாளுக்கு வாளி, விளக்குமாறு, செவ்வந்திப்பூ. சர்ச் சாமியார் ஒவ்வொரு கல்லறையாகத் தண்ணீர் தெளித்து மந்திரித்துக்கொண்டு வந்தார்.

அவர்கள் குடும்பத்தினர் நின்றது ஒரு சின்னக் கல்லறைக்கு முன்னால். அவளுக்கு ஒரு தம்பி இருந்தான் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஐந்து வயதில் மூளைக்காய்ச்சல் வந்து மூன்றே நாளில் போய்விட்டானாம். அப்போது இவளுக்கு ஒன்பது வயது. நான் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் விழித்தேன். அவள் அம்மாதான் என்னைச் சமாதானப்படுத்தினார். மெலிந்த உடம்பு, மெதுவான பேச்சு.

“அழுகக் கூடாது பாப்பா. இவன் சம்மனசு. அஞ்சு வயசுல என்ன பாவம் இருக்கப் போகுது? நேரா ஆண்டவர்கிட்டப் போயிருப்பான். மத்தவங்களுக்கு நாம செபிக்கணும், இவன் நமக்காகச் செபிப்பான்.”

சம்மனசு என்றால் தேவதூதர் என்று தோழி என் காதில் சொன்னாள்.

கல்லறை மேல் ஒரு பொட்டலம் தேன்மிட்டாயை வைத்திருந்து, மந்திரித்து முடிந்ததும் அங்கே ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு அந்த அம்மா பிரித்துக் கொடுத்தார். எனக்கும் ஒன்று தந்தார். பிறகு தரையிலேயே உட்கார்ந்து அவனைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ரப்பர் செருப்பை எப்போதும் கால் மாற்றித்தான் போடுவானாம். மாற்றிவிட்டால் கழற்றி மறுபடி மாற்றிக்கொள்வானாம்.

“ஒளிஞ்சு வெளயாடும்போது அவனத் தேடவே வேணாம் பாப்பா. நாம பீரோ பக்கத்துல போனாலே போதும், உள்ள இருந்து கத்துவான், ‘நான் இங்க இல்லேஏஏ’ன்னு.”

அந்தக் கடைசி எழுத்தை இழுத்து, மேலே தூக்கி, அவன் மாதிரியே சொல்லிக் காட்டினார். தோழி சிரித்தாள், அவள் அப்பா சிரித்தார், நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு அந்த அம்மா என்னிடம் மட்டும் சொன்னார்:

“இப்பவும் பீரோவத் தெறக்குறதுக்கு முன்னால ஒரு நிமிஷம் நிக்கிறேன். கிறுக்குத்தனம்னு தெரியும். நின்னு நின்னு பழகிருச்சு.”

அந்த இடத்தில் என் கண்ணில் தண்ணீர் வந்தது உண்மை. திரும்பி வரும்போது பஸ் சமயநல்லூரைத் தாண்டுவதற்குள், இது ஒரு பிரமாதமான பேயாக இருக்கும் என்று நான் நினைத்ததும் உண்மை. இரண்டும் ஒரே மண்டையில்தான் நடந்தன. இன்றுவரை எனக்கு அதில்தான் முதல் வெட்கம்.

டிசம்பரில் எங்கள் துறைத் தலைவர் மேடம் விளையாட்டைப் பார்த்தார். பிப்ரவரியில் எங்கள் கல்லூரியில் பல கல்லூரிகள் கலந்துகொள்கிற கண்காட்சி ஒன்று இருந்தது. அதில் எதை வைக்கலாம் என்று தேர்வு செய்துகொண்டிருந்தார். “படமெல்லாம் அழகா இருக்கும்மா. ஆனா எந்திரிச்சுப் போனா மனசுல ஒண்ணும் நிக்கலியே” என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறிவிட்டது. மனசில் நிற்கிற மாதிரி ஒன்றைக் காட்டுகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

தோழி கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊரில் இருந்தாள். அவள் அம்மாவோடு உட்கார்ந்து முறுக்கு பிழிந்துகொண்டிருந்த அதே நாட்களில், நான் இங்கே அவள் தம்பியைச் செய்துகொண்டிருந்தேன். படத்தையும் நானே வரைந்தேன். அவள் வரைந்த பேய்களுக்குப் பக்கத்தில் என்னுடையது சரியாக உப்பாத பூரி மாதிரி இருந்தது. வெளிர்நீல உடம்பு, இரண்டு கண், காலில் இடது வலது மாறின செருப்பு. மற்ற இருபத்தொன்றும் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் இது வரும். தெருவில் இருக்காது, நம் வீட்டுக்குள்ளேயே ஒளிந்திருக்கும். பீரோ, கட்டிலடி, அரிசி டிரம், கதவுக்குப் பின்னால். பக்கத்தில் போனால், ‘நான் இங்க இல்லேஏஏ’ என்று கத்தும். கத்தின உடனே பிடிக்கப் போனால் ஓடிவிடும். தெரியாத மாதிரி நடித்து, மூன்று தடவை அதைத் தாண்டித் தாண்டித் தேட வேண்டும். அப்போதுதான் அதுவாகச் சிரித்துக்கொண்டு வெளியே வரும். ஒரு தேன்மிட்டாய் கொடுத்தால் அடுப்புப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இது ஒன்றுதான் தமிழில் பேசிய பேய். அண்ணனுடைய மைக்கில் நானே சொல்லி, வேகத்தைக் கூட்டிக் குரலைச் சின்னப் பிள்ளை மாதிரி ஆக்கினேன். முப்பது தடவையாவது சொல்லியிருப்பேன், அந்த அம்மா இழுத்த இழுப்பு வரும்வரை. வந்ததும் எனக்கே புல்லரித்தது. நல்ல வேலை செய்துவிட்டோம் என்று துள்ளினேன்.

தோழியிடம் சொல்லவில்லை. ஜனவரி முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தாள், நான் ஒரு வார்த்தை விடவில்லை. அவளை ஆச்சரியப்படுத்தத்தான் மறைத்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன். அவ்வளவுதான்.

கண்காட்சி நாள். கல்லூரி ஹாலில் மேசை மேசையாகக் கம்ப்யூட்டர்கள். எங்கள் மேசையில் இருந்தது அண்ணன் ஆட்டோவில் கொண்டுவந்து வைத்த வீட்டுக் கம்ப்யூட்டர். பெற்றோரும் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். தோழியின் அம்மா பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வாடிப்பட்டியிலிருந்து வந்திருந்தார். மகள் வரைந்த படங்களைப் பார்க்க அவ்வளவு ஆசை. ஒவ்வொரு பேயாகத் தோழி அவருக்குக் காட்ட, “இது நம்ம தெரு மாவு மில்லுக்காரர் மாதிரி இருக்குடி” என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். என் கன்னத்தைத் தொட்டு, “எம்புட்டு அறிவு பாப்பா ஒனக்கு” என்றார்.

பதினொரு மணிக்கு நடுவர்கள் மூன்று பேர் வந்தார்கள். பின்னால் ஒரு கூட்டம். தோழி கையில் மவுஸ் இருந்தது, நான் விளக்கிக்கொண்டிருந்தேன். இருபத்தொன்றையும் சுருக்கமாகக் காட்டிவிட்டு, “இன்னொண்ணு இருக்கு” என்று சொல்லி, நேரே அந்தக் கட்டத்துக்குப் போகிற பொத்தானை அழுத்தினேன். தோழி என்னைப் பார்த்தாள். திரையில் அந்த அரிக்கேன் பெண் பீரோ பக்கத்தில் நின்றாள்.

ஸ்பீக்கரிலிருந்து அந்தக் குரல் வந்தது.

கூட்டம் மொத்தமும் ‘அய்யோ செல்லம்’ என்று சிரித்தது. நானே விசையைத் தட்டி மூன்று தடவை தேடினேன், பேய் வெளியே வந்தது, மாறின செருப்போடு தத்தித் தத்தி நடந்தது. திரையில் கொட்டை எழுத்தில் ‘புதிய பேய் வந்தது!’ என்று விழுந்தது. அது தோழி வரைந்த எழுத்து. நடுவர்களில் ஒரு அம்மையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “அருமைம்மா. இது யாரோட ஐடியா?” என்று கேட்டார்.

தோழி எனக்கு ஒரு முழம் தள்ளி இருந்தாள். அவள் அம்மா அவளுக்குப் பின்னால் நின்றார்.

“என்னோடதுதான் மேடம். நானே யோசிச்சது” என்றேன்.

அந்த வார்த்தை வெளியே வந்த பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று தோன்றியது என்று எழுத ஆசைதான். அப்போது எதுவும் தோன்றவில்லை. தலைகால் புரியாத சந்தோஷத்தில் நின்றேன். நடுவர்கள் அடுத்த மேசைக்கு நகர்ந்த பிறகுதான் அந்த அம்மா முன்னால் வந்தார். திரையைக் கிட்டத்தில் பார்த்தார். செருப்பைப் பார்த்திருப்பார். சின்னப் பிள்ளை தப்பாக எழுதினதைத் திருத்துகிற மாதிரி, மெதுவாகச் சொன்னார்:

“அவன் பேய் இல்ல பாப்பா.”

சொல்லிவிட்டு வெளியே போனார். தோழி மவுஸை மேசையில் வைத்துவிட்டு அவர் பின்னாலேயே போனாள். எங்களுக்குத்தான் முதல் பரிசு. மேடைக்கு நான் மட்டும் போனேன். அந்தப் போட்டோவில் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டு அலமாரியில் ரொம்ப நாள் இருந்தது, கல்யாணத்துக்குப் பிறகு நான்தான் எடுத்து ஒளித்துவைத்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. திங்கட்கிழமை வராந்தாவில் அவளைப் பிடித்து நிறுத்தினேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், சத்தியமாக. ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. தப்புச் செய்தால் எனக்கு எப்போதும் முதலில் வருவது கோபம்தான்.

“என்னடி இப்ப? அவனக் கேவலமாவா காட்டிட்டேன்? எல்லாருக்கும் அம்புட்டுப் பிடிச்சிருந்துச்சுல்ல? ஒரு வெளயாட்டுக்கு இம்புட்டுப் பண்றீங்க!”

அவள் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அன்றைக்குக் கத்தினாள். வராந்தாவில் போனவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள்.

“எங்க அம்மா ஒன்னய வீட்டுப் புள்ளன்னு நெனச்சுச் சொல்லுச்சு. நீ அத வித்துப் பரிசு வாங்கிட்ட. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே வரஞ்சு குடுத்திருப்பேன்டி! ஒன்னய விட நல்லா வரஞ்சிருப்பேன். அவன் மூஞ்சி எனக்குத்தான தெரியும்.”

அதோடு எங்கள் பேச்சு நின்றது.

அன்றைக்கே வீட்டுக்குப் போய் அந்த இருபத்திரண்டாவதை அழித்தேன். படத்தை, குரலை, அதற்காக எழுதின அத்தனை வரியையும். கம்ப்யூட்டரில் இருந்த குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். அண்ணன் பிரதி எடுத்து வைத்திருந்த சிடியை இரண்டாக உடைத்தேன். துறைக்கு மார்ச்சில் கொடுத்த சிடியில் இருபத்தொரு பேய்தான். இதுதான் என் பிராயச்சித்தம் என்று அப்போது நினைத்தேன். இப்போது யோசித்தால், மன்னிப்பு என்ற ஒரு வார்த்தையைச் சொல்லாமல் தப்பிக்க என்னவெல்லாம் செய்யலாமோ அதையெல்லாம் செய்திருக்கிறேன். என் கண் முன்னால் அது இருக்கக் கூடாது, அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பரீட்சை எல்லாம் முடிந்து மே மாதம். காலை பத்தரை மணி இருக்கும். வாசலில் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அம்மா சொல்ல, எட்டிப் பார்த்தால் தோழியின் அம்மா. தனியாக வந்திருந்தார். வெயிலில் முகமெல்லாம் கறுத்துப்போய், கையில் ஒரு ஒயர்கூடை. கூடையில் இரண்டு தேங்காயும் கொஞ்சம் கொய்யாப்பழமும். என் முகத்தில் ஈயாடவில்லை. திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

காபியைக் குடித்து முடித்தார். பிறகு நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, என் அம்மா உள்ளே போய்விட்டாளா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு ஆரம்பித்தார்.

“அவகிட்ட சொல்லல பாப்பா. கண்ணாஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்தேன். அந்தப் படத்த ஒருக்கா பாக்கலாமா?”

காலி டம்ளரை அவர் கையிலிருந்து வாங்கி வைத்தேன்.

“அன்னைக்கி நான் அப்புடிச் சொல்லிட்டு வந்துட்டேன். பேய்னு போட்டிருந்ததப் பாத்ததும் தாங்கல. சாமியார்கிட்டப் போய்க் கேட்டேன். ‘படம்தானம்மா, அதுல பாவம் ஒண்ணும் இல்ல’ன்னாரு. அதுக்கப்பறம்தான் நெனப்பு வந்துச்சு. அந்தச் சத்தம்.”

நிறுத்தி, சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தார்.

“அவன் போட்டோ ரெண்டு இருக்கு. சத்தம் இல்ல. பன்னெண்டு வருசம் ஆச்சுல்ல, நான் சொல்லிப் பாத்தா என் சத்தம்தான் கேக்குது. நீ போட்டிருந்தது அவன் மாதிரியே இருந்துச்சு பாப்பா. நீதான் பேசுனேன்னு தெரியும். இருந்தாலும் அவன் மாதிரியே இருந்துச்சு. ஒருக்கா கேட்டுட்டுப் போயிர்றேன். அந்தப் பேய்ங்கிற எடத்துல மட்டும் சம்மனசுன்னு மாத்திர முடியுமா?”

ஒரே ஒரு படத்தை மாற்றினால் போதும். பத்து நிமிஷ வேலை. அது இருந்திருந்தால்.

நான் நானாகவே அழித்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். மூன்று வார்த்தை. அதற்குப் பதில் என் வாயிலிருந்து வந்தது இது:

“வைரஸ் வந்துருச்சும்மா. கம்ப்யூட்டர்ல இருந்த எல்லாம் போயிருச்சு.”

“எல்லாமா?”

“எல்லாம்தான்.”

பக்கத்து மேசையில் கம்ப்யூட்டர் துணி போர்த்தி இருந்தது. உள்ளே மற்ற இருபத்தொன்றும் பத்திரமாக டீ குடித்துக்கொண்டிருந்தன.

அந்த அம்மா கொஞ்ச நேரம் அந்தத் துணியையே பார்த்தார். திரும்பச் செய்ய முடியுமா என்று கேட்டார். இரண்டு நாள் போதும், எனக்குத் தெரியும். ஆனால் செய்வதென்றால் தோழிக்குத் தெரியவரும், எப்படி அழிந்தது என்று கேட்பாள், அவள் என்னைவிடக் கெட்டிக்காரி, வைரஸ் கதை அவளிடம் ஒரு நிமிஷம் நிற்காது. “அதே மாதிரி வராதும்மா. பாக்குறேன். வந்தா சொல்லி அனுப்புறேன்” என்றேன்.

“அப்ப நீயாவது வாயால ஒருக்கா சொல்லேன் பாப்பா” என்றார்.

சொன்னேன். பஸ்ஸில் மாட்டியிருக்கிற ஊர்ப் பலகையை வாசிக்கிற மாதிரி வந்தது. முப்பது தடவை சொல்லிப் பழகின வார்த்தை, அவர் முன்னால் ஒரு தடவைகூட வரவில்லை. பொய் சொன்ன வாயில் அது ஒட்டவில்லை. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தேன், இன்னும் மோசமாக இருந்தது.

“பரவால்ல பாப்பா, விடு. ஒன்னயும் கஷ்டப்படுத்துறேன்” என்று எழுந்துகொண்டார். தேங்காயை என் அம்மாவிடம் கொடுத்தார். வாரேன் என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனார். பஸ் ஸ்டாப் வரை கூடப் போயிருக்க வேண்டும். போகவில்லை. சொல்லி அனுப்பவும் இல்லை. ஆகஸ்டில் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்தது, ஓடிவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆறு வருடம் கழித்து, பொங்கலுக்கு ஊருக்கு வந்து திரும்பும்போது மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் தோழியைப் பார்த்தேன். முதலில் பார்த்தது நான்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு தூணுக்குப் பின்னால் போகப் பார்த்தேன். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். நேரே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா போயி ஒரு வருசம் ஆச்சுடி.”

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

“நீ ஊருக்கு வந்தா பாத்துரணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். அம்மா ஒங்க வீட்டுக்கு வந்துச்சாம்ல? எங்கிட்ட மூச்சு விடல. ஆஸ்பத்திரில படுத்திருக்கும்போதுதான் சொல்லுச்சு. ‘அந்தப் புள்ளயும் பாவம்டி. அம்புட்டு ஆசையாச் செஞ்சத வைரஸ் தின்னுட்டுப் போயிருச்சு. நான் போயிக் கேட்டதும் அவ மொகமே செத்துப் போச்சு. ரெண்டு தடவ வாயால சொல்லிப் பாத்தா, வரல அவளுக்கு. நம்மள மாதிரி அவளும் அவனப் பறிகுடுத்தவதான். அவ மேல கோவம் வச்சுக்காத’ன்னு சொல்லுச்சு. நான் அன்னைக்கி வராந்தால ஒன்னய அப்புடிக் கத்தியிருக்கக் கூடாது. மன்னிச்சுருடி.”

பஸ் நிலையத்தில் அத்தனை பேருக்கு நடுவே அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன்.

“ஒண்ணுகூட மீட்க முடியலயாடி?” என்று கேட்டாள்.

முடியவில்லை என்று தலையை ஆட்டினேன். அவள் என் முதுகைத் தடவிக் கொடுத்தாள். என் பஸ் வரும்வரை கையை விடாமல் கூடவே நின்றாள்.